நல்ல கேபிள் யாருக்கு

கிளட்ச் கேபிள் மாற்றுவது எப்படி என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை. தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். டேங்குக்கு அடியில் எந்த வழியாகக் கொண்டுபோவது, லீவரில் எவ்வளவு தளர்ச்சி விடுவது என்பதெல்லாம் கை பழகிவிட்டால் பேசிக்கொண்டே செய்கிற வேலை. ஒரே ஒரு நல்ல கேபிள் இருக்கும்போது அதை யாருடைய வண்டியில் போடுவது? நான் சொல்ல வந்தது அதைப் பற்றி. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருவன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவன் கடலூர் முதுநகரில் என்னோடு கூட்டாகக் கடை நடத்தியவன். 2004-இல் சேர்ந்தோம், 2012 வரை ஒன்றாக இருந்தோம். எனக்கும் அவனுக்கும் உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான். இதை எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னபோது, "எழுதுங்க மாமா, பேரு மட்டும் போட்றாதீங்க. கடைக்கு வர்றவன்லாம் அதயே கேட்டுக்கினு நிப்பான், வேல கெட்டுப்பூடும்" என்றான். அதனால் பார்ட்னர் என்றே சொல்கிறேன்.

அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிய ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரத்திலிருந்து ஒரு பூ வியாபாரி எங்களிடம் வந்துகொண்டிருந்தார். அவர் வண்டியில் கிளட்ச் கேபிள் அறுந்துகொண்டே இருக்கும். புதிதாகப் போட்டுக்கொண்டு போவார், இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் அறுத்துக்கொண்டு வருவார். சிதம்பரத்தில் இரண்டு மெக்கானிக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். கேபிள் மட்டம் என்றார் ஒருவர், லீவர் சரியில்லை என்றார் இன்னொருவர். நான் லீவரையும் மாற்றிப் பார்த்தேன். மறுபடியும் அறுந்தது.

பார்ட்னர் அந்த வண்டியைத் தொடவே இல்லை. அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். "அண்ணே, வண்டி எப்பப் பாத்தாலும் இங்க காலியா வருது. நீங்க வேலைக்குப் போறப்ப எப்படி இருக்கும்?" என்று கேட்டான். "பூ மூட்டைங்களோடதான் தம்பி இருக்கும்" என்றார். "அப்ப நாளைக்கு மூட்டையோடவே வாங்க. பூ வேணாம், வைக்கோல அடச்சினு வாங்க."

மறுநாள் வந்தார். பின்னால் கட்டியது போக, ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பைகள் தொங்கின. இடது பையின் காது கேபிளின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பை குதிக்கும், லீவருக்குள் போகிற இடத்தில் கேபிளை மடக்கும். கடையில் நிற்கும் வண்டியில் அந்தப் பை இல்லை. அதனால் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. முன்பக்கக் கம்பியில் இரண்டு கொக்கிகளைப் பற்றவைத்துக் கொடுத்து, பைகளை இனி அதில் மாட்டச் சொன்னான். அதற்குப் பிறகு அவர் வேறு எத்தனையோ வேலைக்கு வந்தார். கேபிளுக்கு மட்டும் வரவில்லை.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்கிறவன் அவன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2011 டிசம்பர் கடைசியில் கடலூரில் புயல் அடித்தது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். விடிந்து வெளியே வந்தபோது தெருவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நின்ற மரங்களைவிடப் படுத்த மரங்கள் ஜாஸ்தி. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. போன் எதுவும் வேலை செய்யவில்லை. எங்கள் கடையின் கொட்டகை மேல் பூவரசமரம் விழுந்து, என் வண்டி அதற்கு அடியில் கிடந்தது. ஹேண்டில்பாரின் ஒரு நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

மறுநாள் காலை நானும் பார்ட்னரும் கடைக்குள் கிடந்த ஓட்டுத் துண்டுகளை அள்ளிக்கொண்டிருந்தோம். புயலுக்கு முன்பே கடைக்கு உள்ளே தள்ளி வைத்திருந்ததால் பார்ட்னரின் வண்டியும், சர்வீசுக்கு வந்திருந்த ஒரு வாடிக்கையாளரின் வண்டியும் தப்பின. அவன் அள்ளியதெல்லாம் பெயருக்குத்தான். மனசு அங்கே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி ஸ்டெல்லா இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கீரப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கூரை வீடு. அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. முந்தின நாள் முழுக்க ரோட்டில் கால் வைக்க முடியாத நிலை. அன்றைக்கு எப்படியாவது போய்விடுவது என்று பெட்ரோலைப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தான்.

அப்போதுதான் அந்த அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கிராம செவிலியர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகி, மேலே ஒரு மழைக்கோட்டு போட்டிருந்தார். தோளில் ஒரு பெரிய பை, கழுத்தில் மாட்டிய தண்ணீர் ஃபிளாஸ்க். முட்டி வரைக்கும் சேறு.

"தம்பி, கிளட்ச் வொயர் பூட்டுச்சு. சீக்கிரம் போட்டுக் குடுங்க."

"யாரு வண்டிம்மா இது?" என்று கேட்டேன். அவர் வழக்கமாக ஓட்டுவது மொபெட் என்று எனக்குத் தெரியும்.

"எங்க வூட்டுக்காரர் வண்டி. என் வண்டி மேல செவுரு வுழுந்துடுச்சு. அவருக்குக் கால்ல ஓடு வெட்டி, எழுந்து நிக்க முடியல. நானே எடுத்துனு வந்துட்டேன். எப்பவோ அவரு கத்துக்குடுத்தது, உருட்டிக்கினு போயிடுவேன்."

அவர் போகவேண்டியது குடிகாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடலோர ஊர்களுக்கு. அங்கே நிறைமாதக்காரிகள் இருந்தார்கள். ஒருத்திக்கு முதல் பிரசவத்திலேயே ரத்தப்போக்கு அதிகமாகிப் பிழைத்ததே பெரிசு. அவளுக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஃபிளாஸ்க்கில் இருந்தது தண்ணீர் இல்லை, ஐஸில் வைத்த ஊசி மருந்து.

"ஆம்புலன்ஸ் வராதும்மா?" என்றேன்.

"எப்படி வரும்? மரத்த அறுத்து வழி வுட்றதுக்கு ரெண்டு நாள் ஆவும். பைக்குன்னா தூக்கியாவது வச்சிடலாம்."

பார்ட்னர் இதற்குள் லீவரைப் பிரித்துப் பார்த்துவிட்டான். கேபிளின் நுனியில் லீவருக்குள் உட்காருகிற குண்டு கழன்று போயிருந்தது. எங்கள் கடையில் அந்த மாடலுக்குக் கேபிள் தீர்ந்துபோயிருந்தது. நாங்கள் வாங்குகிற ஸ்பேர்ஸ் கடையின் ஷட்டர் மேல் பெரிய விளம்பரத் தட்டி ஒன்று விழுந்து கிடந்தது. கடைக்காரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது.

ஆனால் அதே மாடல் வண்டிகள் எங்கள் கண் முன்னால் இரண்டு நின்றன. ஒன்று பார்ட்னருடையது. இன்னொன்று அந்த வாடிக்கையாளருடையது.

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "மச்சான், சர்வீசுக்கு வந்த வண்டில இருந்து கழட்டிப் போட்டு அனுப்பு. அப்புறம் புதுசு வந்ததும் மாட்டிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"வாணாம் மாமா."

"அவசரத்துக்குத்தானே."

"இன்னிக்கு எல்லாருக்கும் அவசரம்தான். அவரு வந்து வண்டியக் கேட்டா என்னா சொல்றது? அவரு வண்டிய நம்ம கைல குடுத்திருக்காரு, அவ்ளோதான். அதுல நாம கை வைக்கக் கூடாது."

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அந்த வாடிக்கையாளர் ஓடிவந்து, கடைக்குப் பின்னால் இருந்த என் வீட்டில் சாவியை வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போனார் என்பது நாங்கள் ஊர் போய்த் திரும்பி வந்தபிறகுதான் தெரிந்தது. அவருடைய அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அந்த மனிதருக்கு இது எதுவும் இன்றுவரை தெரியாது.

அடுத்ததாக நான் சொன்னது, அறுந்த நுனியில் ஏதாவது ஒட்டுப்போட்டு அந்த அம்மாவை அனுப்பிவிடலாம் என்பது. நீங்களும் செய்திருப்பீர்கள். கரண்ட் வேலைக்குப் போடுகிற பித்தளைக் கனெக்டர் ஒன்றை நுனியில் கோத்து, திருகை இறுக்கிவிட்டால் குண்டு போல நிற்கும். சும்மா ஊருக்குள் ஓட்ட அது போதும்.

பார்ட்னர் தலையாட்டினான். "அது எத்தன புடி தாங்கும்னு நமக்கே தெரியாது. மரத்துக்கு மரம் நின்னு நின்னு போகணும், கிளட்ச்ச புடிச்சிக்கினே இருக்கணும். அந்தக் கடலோரத்துல பிச்சிக்குச்சின்னா இவுங்க என்னா பண்ணுவாங்க?"

"அப்ப நீயே உன் வண்டில கொண்டு போயி வுட்டுட்டு, அப்படியே கீரப்பாளையம் போயிடேன்."

"ஒரு ஊருன்னா வுட்டுடலாம். இவுங்க ஊர் ஊரா சுத்தணும் மாமா. வண்டி இவுங்க கிட்டயே இருக்கணும்."

சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்து, தன் வண்டியின் கேபிளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். "நீ எப்படி போவ? பொண்டாட்டி புள்ளைங்க என்னா ஆனாங்கன்னு தெரியாம இருக்கற. மொதல்ல உன்னப் பாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் குரல் எப்போதும்போல இருந்தது.

"கிளட்ச் இல்லாம ஓட்ட எனக்குத் தெரியும் மாமா. அவுங்களுக்குத் தெரியாது. நல்லது அவுங்க வண்டில இருக்கட்டும். ஒட்டுப்போட்டது நம்ம வண்டில இருக்கட்டும்."

இவ்வளவுதான் அவன் சொன்னது. இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் யாருக்கு ஆபத்து ஜாஸ்தி என்று அளந்து பார்க்கவில்லை. அதை அன்றைக்கு யாராலும் அளந்திருக்க முடியாது. எந்த வண்டி நடு வழியில் நின்றால் அதை ஓட்டுகிறவருக்கு மேற்கொண்டு ஒரு வழி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று மட்டும் பார்த்தான். கையில் தொழில் இருக்கிறவனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதனால் அவன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் லீவரைப் பிடித்துப் பார்த்து, "நல்லா மெத்துனு இருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காசு எடுக்கப் போனவரை பார்ட்னர் கையை ஆட்டி அனுப்பிவிட்டான்.

நான் வீட்டுக்குள் போய் என் மனைவியிடம் சொன்னேன். "ஒத்த ஆளால வண்டியத் தூக்கவும் தள்ளவும் முடியாதே. நீங்களும் போங்க, இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்த அம்மாவின் அறுந்த கேபிளில் கனெக்டரைக் கோத்துத் தன் வண்டியில் மாட்டியிருந்தான் பார்ட்னர். அவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

ஒட்டுப்போட்ட கேபிள் ஆலப்பாக்கம் வரைக்கும்கூட வரவில்லை. சாய்ந்து கிடந்த புளியமரங்களின் கிளைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போனோம். ஒரு மரத்தைத் தாண்டி லீவரைப் பிடித்தபோது பட்டென்று கனெக்டர் தெறித்துப் போனது. லீவர் தொங்கியது. அவன் திரும்பி என்னைப் பார்த்து, "அவுங்களுக்குப் போட்டிருந்தா இந்நேரம் நடு ரோட்டுல நின்னிருப்பாங்க" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

நல்ல ரோட்டில் கிளட்ச் இல்லாமல் ஓட்டுவது பெரிய காரியம் இல்லை. உங்களில் பாதிப்பேர் செய்திருப்பீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் கியர் தட்டிவிடலாம். நிற்பதும் கிளம்புவதும்தான் சிரமம். அன்றைக்கு அந்த ரோடு முழுக்க நிற்பதும் கிளம்புவதும்தான். மரம் வரும், இறங்குவோம், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வண்டியை மரத்துக்கு மேலே தூக்கி வைப்போம். மறுபடி அவன் ஏறி எஞ்சினைக் கிளப்புவான், நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடுவேன், வண்டி ஓட்டம் பிடித்ததும் அவன் முதல் கியரைத் தட்டுவான், நான் தாவி ஏறுவேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அடுத்த மரம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஏன் இப்படி வருகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நான்கு பேர் வந்து எங்களையும் வண்டியையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள்.

பு.முட்லூர் பாலத்தைத் தாண்டியபிறகு மரங்கள் குறைந்தன. இனி சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்தேன்.

சிதம்பரத்துக்குள் நுழையும் இடத்தில் வண்டியை அணைத்துவிட்டு அவன் இறங்கினான்.

பஸ் ஓடாததால் ஊருக்குள் ஒரே ஜனம். மண்ணெண்ணெய்க்கும் பாலுக்கும் அலைகிறவர்கள், ஆட்டோவைச் சுற்றி நிற்கிறவர்கள், சைக்கிளில் குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள். ரோட்டில் இடமே இல்லாமல் இல்லை. நுழைந்து நுழைந்து போகலாம்.

"மொத கியர்லயே மெதுவா ஓரமா பூடலாம் மச்சான். ஏன் எறங்கற?"

"மெதுவா போலாம் மாமா. நடுவுல நின்னுட்டு மறுபடி கெளம்பறப்ப எகிறும். முன்னாடி யாராவது புள்ளைய வச்சினு நின்னா அவுங்க மேலதான் போயி வுழும்."

"உன் புள்ளைங்களுக்கு அங்க என்னா ஆச்சுன்னு தெரியாம இருக்குடா!" கத்திவிட்டேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கால் வலி, பசி, பயம் எல்லாம் சேர்ந்து அப்படி வந்துவிட்டது.

அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ஊர் முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்தான். ஓட்டமும் நடையுமாக என்னால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் தள்ளினான். அவனுக்கு அவசரம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, ஜெபம் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஜனத்துக்கு நடுவில் அந்த எஞ்சினை அவன் கிளப்பவில்லை.

என் முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தத்தை வைத்தே எஞ்சினுக்குள் என்ன என்று சொல்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு கார்பரேட்டர் பிரிக்கிறவர்கள். அந்த மாதிரி கெட்டிக்காரத்தனம் எல்லாம் நாள்பட நமக்கும் வந்துவிடும். தன் வயிறு பற்றி எரியும்போது அடுத்தவன் பிள்ளை மேல் இடிக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற நிதானம் எனக்கு வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. பார்த்ததைச் சொல்ல மட்டும் என்னால் முடிகிறது.

ஊர் தாண்டியதும் மறுபடி தள்ளி, ஓடி, ஏறினோம். கீரப்பாளையம் போகிற வழியில் இரண்டு பக்கமும் சம்பா நெல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது.

மாமியார் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. கூரை தெருவுக்கு நடுவில் கிடந்தது. மண்சுவர் மட்டும் நின்றது. வாசலில் ஆள் இல்லை. அவன் எஞ்சினை அணைக்கவில்லை, ஸ்டாண்டு போடவில்லை. வண்டியை அப்படியே கீழே சாய்த்துவிட்டு ஓடினான். கடையில் யாராவது வண்டியைத் தரையில் சாய்த்தால் நாள் முழுக்கத் திட்டுகிறவன் அவன். நான் குனிந்து சாவியைத் திருப்பி அணைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரத் தேடறீங்க? அவுங்கள்லாம் பள்ளிக்கூடத்துல இருக்காங்கப்பா. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல" என்றார்.

பார்ட்னர் அந்த இடத்திலேயே குந்திவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லா ஊருக்கே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெரிய பெண் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. சின்னது எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து அப்பன் காலைக் கட்டிக்கொண்டது. கூரை போவதற்கு முந்தியே, காற்று திரும்பும்போதே, ஸ்டெல்லா அம்மாவையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அங்கே வந்துவிட்டிருக்கிறாள்.

அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தாள்.

"காலைலயே கெளம்பி வருவீங்கன்னு நெனச்சேன். பொழுது சாயுது. ஏன் இவ்ளோ நேரம்?"

"வண்டில கிளட்ச் இல்ல" என்றான்.

"ரெண்டு மெக்கானிக்கு சேந்து வர்றீங்க. ஒரு கிளட்ச் வொயர் போட்டுக்க முடியலயா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். அவன் சொல்ல மாட்டான் என்று தெரியும் என்பதால், நான்தான் ஸ்டெல்லாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கஞ்சியிலேயே விட்டுவிட்டுக் கேட்டாள். அவன் தட்டில் கஞ்சியை ஊற்றி, கொஞ்சம் நின்று, இன்னொரு கரண்டி ஊற்றினாள். பிறகு, "அந்த நர்சம்மா போயி சேந்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். எங்களுக்குத் தெரியாது என்றோம்.

அது தெரிய பொங்கல் கழிய வேண்டியிருந்தது.

கடைக்குப் புதுத் தகரம் போட்டுக்கொண்டிருந்த நாள். நர்சம்மா அதே வண்டியில் வந்து இறங்கினார். அவர் தேடிப்போன பெண்ணுக்கு அன்றைக்கு மத்தியானமே வலி வந்திருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வராண்டாவில் பெண் குழந்தை பிறந்தது. பயந்த மாதிரியே ரத்தம் நிற்காமல் போக, ஃபிளாஸ்க்கில் இருந்த ஊசியைப் போட்டு, வயிற்றை அமுக்கியபடியே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். விடிந்ததும் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"கொஞ்ச நேரம் லேட்டா போயிருந்தா அந்தப் பொண்ணு இல்ல தம்பி" என்றார். "வழி முழுக்க மரமா கெடந்துச்சு, நின்னு நின்னு போறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு. கிளட்ச்ச எத்தன தடவ புடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒண்ணும் ஆவல."

பார்ட்னர் தகரத்துக்கு ஆணி அடிப்பதில் மும்முரமாக இருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கேபிள் எந்த வண்டியில் இருந்து வந்தது, அந்த வண்டி பிறகு எங்கே, எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிட்டேன். மேலே இருந்து அவன் என்னை முறைத்தான்.

நர்சம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை.

"தம்பி, எறங்கி வாங்க."

"என்னாம்மா?"

"கிளட்ச் இல்லாம எப்படி ஓட்டறதுன்னு எனக்குக் கத்துக்குடுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு? வண்டில நல்ல கேபிள்தானே கெடக்குது. நாளைக்கு அறுந்தாலும் இங்க ஸ்டாக்கு இருக்குது."

"இருக்கும். ஒரு நாளு இல்லாம பூடும். அன்னிக்கு இன்னொருத்தர் வண்டில இருந்து கழட்டி எனக்குப் போடக் கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன். எறங்குங்க."

அவன் இறங்கினான்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்துக்குப் போனோம். பழக்கத்தில் அவர் கிளட்ச்சைப் பிடித்துவிடக் கூடாதே என்று பார்ட்னர் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியைத் தள்ள ஆள் தேவைப்படாத வழி ஒன்றை அவருக்குச் சொன்னான். நியூட்ரலில் எஞ்சினைக் கிளப்பு, உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையை உந்து, வண்டி நகர ஆரம்பித்ததும் முதல் கியரைத் தட்டு. முதல் தடவை வண்டி எகிறி அணைந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அடுத்த தடவை சாய்ந்துவிட்டார், புடவையில் மண்ணோடு எழுந்தார். நான் போதும் என்றேன். பார்ட்னர் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று நினைவில்லை. ஒரு தடவை வண்டி சொன்னபடி கேட்டது. சின்னதாக ஒரு குலுக்கல், அவ்வளவுதான், போய்விட்டது. மைதானத்தின் மறுகோடி வரைக்கும் போய், இரண்டாவது கியரைத் தட்டி, வளைந்து எங்களை நோக்கி வந்தார்.

"நிறுத்தறது எப்படிங்கறது சொல்லவே இல்லையே தம்பி!" என்று கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

"நியூட்ரல் பண்ணுங்க நர்சம்மா! நியூட்ரல் பண்ணிட்டு பிரேக்கப் புடிங்க!" என்று பார்ட்னர் பின்னாலேயே ஓடினான்.

அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று போனார்.